துரைசானிப் பெட்டியின் முதுகுப் பக்கம்

உப்புத்தாள் பிடிப்பதையும் அரக்குக் கரைப்பதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். பட்டறையில் யாரும் சொல்லித்தராதது வேறு ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் போய் ஒரு பழைய மரச்சாமானுக்கு முன்னால் நிற்கிறீர்கள். சுற்றிலும் அந்த வீட்டு ஆட்கள் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். அப்போது எதைச் செய்வது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விழுங்குவது? பழனிசெட்டிபட்டியில் தொண்ணூற்றாறில் கடை போட்டு, இரண்டாயிரத்துப் பத்தில் முழங்கால் ஒத்துழைக்காமல் உங்கள் கையில் விட்டுவிட்டு வரும்வரை நான் பாடுபட்டுப் படித்தது அதைத்தான். அதில் ஒரு காலைப்பொழுதை மட்டும் இன்று சொல்கிறேன்.

பண்ணைப்புரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு வீடு. தோட்டம், தென்னை, கொஞ்சம் ஏலக்காய் யாவாரம் என்று வசதியான குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் மலைமேல் காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அந்தத் தோட்டத்துத் துரையின் மனைவி இத்தாலிக்காரி. சீமைக்குத் திரும்பும்போது, தன் பிறந்த வீட்டிலிருந்து கப்பலில் வந்த இழுப்பறைப் பெட்டியைக் கணக்கப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். இடுப்புயரம், நான்கு இழுப்பறை, முன்பக்கம் லேசாக வயிறு தள்ளினாற்போல வளைவு. ஊரே அதைத் 'துரைசானிப் பெட்டி' என்றுதான் சொல்லும்.

வால்நட் மரம். நம் பக்கத்தில் தேக்கும் ஈட்டியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது முதலில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஈட்டியைப் போல இருட்டு நிறம் கிடையாது, தேக்கைப் போல எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. ஆனால் சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும். ரேகைகள் ஊதுபத்திப் புகை மாதிரி சுருண்டு சுருண்டு மேலே போகும். வயதாக ஆக மற்ற மரங்கள் கறுக்கும், இது வெளிறும். அந்தப் பெட்டி அப்படி வெளிறி, மலைத்தேன் நிறத்துக்கு வந்திருந்தது. முதல் தடவை அதைப் பார்த்த அன்று என்னையறியாமல் அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். குழந்தையின் முதுகு போல இருந்தது.

அந்த வீட்டில் அப்போது நிர்வாகம் செல்லப்பாண்டி அண்ணன். அவருடைய மூத்தவர் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். அந்த மூத்தவரின் மனைவி தனலட்சுமி அக்காவையும், அவர் மகள் சுமதியையும் இவர்தான் வைத்துக் காப்பாற்றினார். நல்ல மனுஷன். கோபம் முந்திவிடும், அவ்வளவுதான். சுமதிக்குக் கெங்குவார்பட்டியில் மாப்பிள்ளை முடிவானதும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாரி, கல்யாணத்த வீட்டுலயே வச்சிருக்கோம். சம்பந்தகாரக வந்து எறங்குறப்ப இந்தப் பெட்டி சும்மா கண்ணாடி கணக்கா மின்னணும். வார்னிஷ் அடிச்சு விட்ரு."

நான் பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். "அண்ணே, இதுக்கு வார்னிஷ் வேணாம்ணே. தேன்மெழுகு போட்டுத் தேச்சு விடுறேன், போதும். வார்னிஷ் அடிச்சா இந்த ரேகையெல்லாம் செத்துப் போகும். அதுவும் ஐப்பசி மழையில அடிச்சம்னா காயவே காயாது."

"நீ என்னப்பா, மெழுகு கிழுகுன்னு. பின்னாடி பாத்தியா இத? பூராம் தீக்குச்சி மரம். முன்னாடி மட்டும் நல்ல மரத்த வச்சு எங்க அப்பாரை ஏமாத்திட்டுப் போயிருக்கா துரைசானி. மினுமினுப்பாவாச்சும் இருக்கட்டும்."

அவர் சொன்னது பாதி நிஜம். பின்பலகையும் இழுப்பறையின் உள்பக்கமும் தீப்பெட்டிக்குப் போகும் மரம் போல வெளுப்பாக, மெத்தென்று இருக்கும் ஒரு மரம். பாப்லர் என்பார்கள். இத்தாலிக்காரர்கள் பழைய காலத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கண்ணில் படும் இடத்துக்கு வால்நட், படாத இடத்துக்கு ஆற்றங்கரையில் சீக்கிரம் வளரும் மரம். ஏமாற்று வேலை இல்லை அது. நல்ல மரத்தை வீணாக்காத சிக்கனம். நான் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. "என்னால வார்னிஷ் அடிக்க முடியாதுண்ணே, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் முகம் கடுத்துவிட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை வீடு தேடி வந்தது. தனலட்சுமி அக்கா அனுப்பியிருந்தார்.

இரண்டாயிரத்து நாலில் அந்த ஐப்பசி முழுக்க அடைமழை. விடிந்தும் விடியாமலும் டி.வி.எஸ்.ஸில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். பந்தல் துணியில் தண்ணீர் தொப்பை போட்டுத் தொங்கியது. இரண்டு பேர் கம்பால் தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். மேளம் ஆரம்பித்திருந்தது. ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டுப் பந்தி நடக்கும் பக்கம் ஒதுங்கலாம் என்று நினைத்தபோது செல்லப்பாண்டி அண்ணன் உள்ளிருந்து ஓடி வந்தார். நெற்றியில் திருநீறு வேர்வையில் வழிந்திருந்தது.

"மாரி, இங்கன வா. சட்டுன்னு வா."

உள்ளறையில் பெட்டியைச் சுற்றி ஒரு கூட்டம். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பெட்டி பளபளவென்று சிவப்பாக மின்னியது. யாரோ ஒரு பெயிண்டரை வைத்து முந்தின நாள் காலையில் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். மழை ஈரத்தில் அது பிசுபிசுவென்று இருந்திருக்கிறது. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து, தாலி இருக்கும் சின்ன வெள்ளிச் சிமிழைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுக்க, அண்ணன் அதை மேல் இழுப்பறையில் வைத்து இறுக்கிச் சாத்தியிருக்கிறார். ராத்திரி முழுக்க அந்த ஈரத்தில் மரமும் ஊதி, வார்னிஷும் கோந்து மாதிரி பிடித்துக்கொண்டது. காலையில் இழுத்த இழுப்பில் பித்தளைக் கைப்பிடிகள் இரண்டும் அவர் கையோடு வந்துவிட்டன. இப்போது பிடித்து இழுக்க ஒன்றுமே இல்லை.

மாப்பிள்ளையின் பெரியம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, "ஐயர் ரெண்டு தடவ ஆள் விட்டுட்டாக. முகூர்த்தம் போச்சுன்னா என்ன பண்றது?" என்றார். மழையில் நனைந்த பட்டுச்சேலையைவிட அவர் குரல் கனமாக இருந்தது.

"ஏலே, அந்தக் கோடாலிய எடுத்தாடா!" என்று அண்ணன் கத்தினார்.

அறை வாசலுக்கு வெளியே, சாமான்கள் அடுக்கிய இருட்டு மூலையில் தனலட்சுமி அக்கா நின்றுகொண்டிருந்தார். புருஷன் இல்லாதவர் என்று அவரை அன்று முன்னால் வரவிடவில்லை. அவர் அங்கிருந்தே, "தம்பி, கல்யாண வீட்டுல கோடாலிச் சத்தம் வேணாம்யா. அவுக சட்ட துணியெல்லாம் இருந்த பெட்டி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அந்த நேரம் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பயந்த பார்வை. 'அன்றைக்கே வேண்டாம் என்றேனே' என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. உங்களுக்கும் நிற்கும். எத்தனையோ வீடுகளில் நிற்கும். அந்த வார்த்தையால் ஒரு ஆணிகூடக் கழன்றது கிடையாது.

"மழை ஈரம்ணே. மரம் ஊதிருச்சு. எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான்" என்று கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. கோடாலி கொண்டு வந்தவனை வெளியே போகச் சொன்னார்.

"பெட்டிய செவுத்த விட்டு நகத்துங்க" என்றேன்.

நாலு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். நான் கடை போடுவதற்கு முன்னால் மட்டாஞ்சேரியில் ஒரு பழஞ்சாமான் கிடங்கில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே என்னோடு சுமை தூக்கிய ஒரு மலையாளி, என் வயதுதான், எந்தச் சாமான் வந்தாலும் முதலில் பின்னால் போய் நிற்பான். "முன்வசம் நம்மளக் காட்டி மயக்குறதுக்கு. செஞ்சவன் எப்படின்னு பின்வசந்தான் சொல்லும், கேட்டோ" என்பான். அன்று எனக்கு அவன் ஞாபகம் வந்தது. பெட்டியின் முதுகில், அண்ணன் கேலி பண்ணின அந்தத் தீக்குச்சி மரப் பலகைகள் நாலைந்து பழைய கை ஆணிகளால்தான் நின்றுகொண்டிருந்தன. முன்பக்கம் முழுக்கக் கோந்து வைத்து இறுக்கிய வேலை. பின்பக்கம் பிரித்து மாட்டுவதற்கென்றே விட்ட மாதிரி.

கல்யாணத்துக்கு வந்தவனிடம் ஆயுதம் ஏது? மைக்செட்காரரிடம் ஸ்க்ரூடிரைவரும், சமையல்காரரிடம் தோசைக்கரண்டியும் வாங்கினேன். தோசைக்கரண்டியைப் பலகை இடுக்கில் சொருகி, மெல்ல மெல்ல நெம்பினேன். மேளச் சத்தம் காதை அடைத்தது. பெரியம்மா, "ஐயோ, இன்னும் எம்புட்டு நேரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவசரப்பட்டால் அந்த மெத்தென்ற மரம் பிளந்துவிடும். என் கையை நானே அதட்டி வைத்தேன். மேல் பலகை முழுசாகக் கழன்று வந்தது.

உள்ளே இழுப்பறையின் முதுகு தெரிந்தது. உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினால் முன்முகத்திலிருந்து வால்நட்டே உரிந்து வருகிற மாதிரி ஒரு முனகல் கேட்டது. விட்டுவிட்டேன். இழுப்பறை முதுகுக்கும் பெட்டியின் மேல்தட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அதன் வழியே கையை விட்டால் சிமிழை எடுத்துவிடலாம்.

என் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. நமக்கெல்லாம் கையா இருக்கிறது? அண்ணன் முயன்றார், அவருடையது அதைவிடத் தடிமன். குழந்தைகள் கை நுழையும், ஆனால் சிமிழ் முன்பக்கம் கிடக்கிறது, எட்டாது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் முன்வந்தார். கைநிறையக் கண்ணாடி வளையல், தங்க வளையல். சந்தில் மாட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் வளையலைக் கழற்றவும் மாட்டார்கள், உடைந்தால் அதைவிட வினை. அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் முழங்கை வரை வளையல் போட்டு வந்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அந்த வீட்டில் வளையல் இல்லாத, மெலிந்த, நீண்ட கை ஒன்றே ஒன்றுதான். அது இருட்டு மூலையில் நிற்கிறது.

சாமான் வேலை செய்ய வந்தவன் அதைச் சொல்லலாமா? அது என் தொழில் இல்லை. சொன்னால் சம்பந்தி வீட்டார் முறைப்பார்கள். சொல்லாவிட்டால் கோடாலி திரும்பி வரும். பெட்டி போகும், முகூர்த்தத்தில் கோடாலி விழுந்த வீடு என்று ஊர் பேசும். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் நமக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு மட்டும், நேராகச் சொல்லிவிட வேண்டும். முடிவு எடுப்பது அவர்கள் பாடு.

"தனலட்சுமி அக்கா கை நுழையும்" என்றேன்.

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதெப்படி? தாலியவா?" என்றார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

தனலட்சுமி அக்காதான் முதலில் பேசினார். "வேணாம்யா. என் கை வேணாம். பிள்ளை நல்லா இருக்கணும். நீங்க ஒடைச்சே எடுத்துருங்க." குரல் உடையவில்லை. அதுதான் கேட்கத் தாங்கவில்லை.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. சுமதி, பாதி சூடிய பூவோடு, கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அதட்டவில்லை, அழவில்லை.

"சித்தப்பா, எங்கம்மா எடுக்கட்டும்."

"ஆத்தா, நீ உள்ள போ..."

"என்னைய வளத்த கைதான சித்தப்பா அது? அதுல என்ன கொற?"

அண்ணன் தலையைத் தூக்கி மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார். அதுவரை சுவரோரம் நின்ற அந்த அம்மாள், தேங்காய் பழம் வைத்த தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கமாக வந்து நின்றார். "எடுத்து இதுல வைங்க சம்பந்தி. நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தனலட்சுமி அக்கா தயங்கித் தயங்கி வந்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார், இரண்டு தடவை. தரையில் முழங்காலிட்டு, வெறுங்கையைச் சந்துக்குள் விட்டார். முழங்கை வரை போனது. அதற்கு மேலும் போனது. கன்னத்தைப் பெட்டியின் விளிம்பில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே துழாவினார். அந்த இழுப்பறை அவருக்குத் தெரிந்த இடம். புருஷன் சட்டைகளை மடித்து மடித்து வைத்த இடம்.

"ஆப்புட்டுருச்சு" என்றார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

சிமிழ் தாம்பாளத்தில் விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. மாப்பிள்ளையின் அம்மா தனலட்சுமி அக்காவின் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். பெரியம்மா முன்னால் நடந்தார். எல்லாரும் மணவறைக்கு ஓடினார்கள்.

நான் அறையிலேயே இருந்தேன். முகூர்த்த நேரத்தில் ஆணி அடிக்கக் கூடாதே. கெட்டிமேளம் கேட்டு, சத்தம் அடங்கிய பிறகுதான் பலகையைத் திரும்ப வைத்து, பழைய ஆணிகளைப் பழைய ஓட்டைகளிலேயே மெல்லத் தட்டி இறக்கினேன். அக்கா மணவறைப் பக்கம் போகவில்லை. அறை வாசலில் நின்று, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "கட்டிட்டாரா தம்பி?" என்று கேட்டார். "கட்டியாச்சுக்கா" என்றேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள் செல்லப்பாண்டி அண்ணன் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, டீயை ஆற விட்டார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? ஏன் சொல்லல?"

"எதண்ணே?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, வந்து அந்தச் செகப்பைச் சொரண்டி எடு. உன் மெழுகையே போடு."

அந்த வேலைக்கு நான் ஆளை அனுப்பவில்லை. நானே போய் வந்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக வார்னிஷைக் கரைத்து எடுக்கும்போது, அடியிலிருந்து அந்தப் புகைச்சுருள் ரேகை ஒவ்வொரு இழையாக வெளியே வரும். வெயில் காலம் தொடங்கியிருந்தது. தென்னைமரக் காற்று, தொழுவத்தில் மாட்டு மணிச் சத்தம், தனலட்சுமி அக்கா கொண்டு வந்து வைக்கும் மோர். இழுப்பறை ஓரங்களில் மெழுகு தேய்த்து, விரலால் தள்ளினாலே ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் ஆசைப்பட்டு நினைத்துக்கொள்கிற நாட்கள் அவை.

அந்த வேலையைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். மரத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் தெரிந்திருந்தால் பாதித் தொழில். அதைச் சுற்றி நிற்கிற ஆட்களில் யார் எங்கே நிற்கிறார்கள், யாரை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தால் மீதித் தொழில்.

நான் கடையை விடுவதற்கு முந்தின வருஷம் செல்லப்பாண்டி அண்ணன் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்தார். அதே வீடு, அதே அறை. இந்தத் தடவை நல்ல வெயில். தாலி எடுக்கும் நேரம் வந்ததும் அண்ணன் பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மதினி எங்க? மதினியக் கூப்பிடுங்க. அவுகதான் எடுத்துக் குடுக்கணும்" என்றார். யாரோ முணுமுணுத்தார்கள். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அது அடங்கியது.

தனலட்சுமி அக்கா வந்து பெட்டியின் முன்னால் நின்று, மேல் இழுப்பறையை இழுத்தார். தொழில்புத்தி பாருங்கள், என் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. இழுப்பறை சத்தமில்லாமல் வருகிறதா என்றுதான் பார்த்தது. வந்தது. நான் நிமிர்வதற்குள் அவர் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி அவருக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.